துபாயில் பள்ளி தேடும் பெற்றோருக்குக் கே.எச்.டி.ஏ. ஆய்வறிக்கைகள்: ஒரு மதிப்பீடு

கோவையிலிருந்து துபாய்க்குக் குடிபெயர்வது முடிவானபோது எங்கள் மகள் ஆறாம் வகுப்பிலும் மகன் முதல் வகுப்பிலும் சேர வேண்டியிருந்தது. அங்கு வாழும் நண்பர்களைக் கேட்டால், ஒவ்வொருவரும் தத்தம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியையே பரிந்துரைத்தார்கள். இறுதியில் எங்களுக்குக் கைகொடுத்தவை, அங்குள்ள தனியார் பள்ளிகளை முறைப்படுத்தும் அரசு அமைப்பான கே.எச்.டி.ஏ. தன் இணையதளத்தில் கட்டணமின்றி வெளியிட்டிருக்கும் ஆய்வறிக்கைகள்தாம். ஏறத்தாழ இருபது அறிக்கைகளைப் படித்த பிறகே இதை எழுதுகிறேன்.

மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, ஏற்கத்தக்கது, பலவீனம், மிகப் பலவீனம் என ஆறு தரங்களில் ஒன்று ஒவ்வொரு பள்ளிக்கும் வழங்கப்படுகிறது. 2023-24ஆம் கல்வியாண்டில் ஆய்வு செய்யப்பட்ட 209 பள்ளிகளில் 23 மட்டுமே மிகச் சிறப்பு என்ற தரத்தைப் பெற்றன. 85 பள்ளிகள் நன்று என்ற தரத்தில் இருந்தன. பெற்றோர் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடுகிறார்கள். என் பார்வையில் முழு அறிக்கையிலும் பயன் குறைந்த பகுதி அதுதான், ஏனெனில் மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அனைத்தையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

உண்மையான சரக்கு உள்ளே இருக்கும் அட்டவணையில் இருக்கிறது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், அரபு என ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்களின் அடைவும் முன்னேற்றமும், மழலையர், தொடக்க, நடுநிலை, மேல்நிலை என ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகத் தரப்படுத்தப்பட்டிருக்கின்றன. மகளுக்காக நடுநிலைக் கட்டத்தையும் மகனுக்காகத் தொடக்கக் கட்டத்தையும் மட்டும் எடுத்து ஒப்பிட்டபோது, எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்த பள்ளி மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. அரபு மொழி பற்றிய வரியைத் தவறாமல் படிக்க வேண்டும். அரபு தாய்மொழியல்லாத மாணவர்களும் ஒன்பதாம் வகுப்பு வரை அதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதால், இடையில் வந்து சேரும் பிள்ளை எழுத்துகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அத்தகைய பிள்ளைகளுக்கெனத் தனி வகுப்பு உண்டா என்று பள்ளியில் கேட்பதற்கு அந்த வரியே எங்களுக்குத் தூண்டுகோலாக இருந்தது.

ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்பதும் அறிக்கையில் கிடைக்கிறது. சில ஆண்டுகளின் அறிக்கைகளில் ஆசிரியர்கள் எந்த அளவுக்கு விலகிச் செல்கிறார்கள் என்ற விகிதத்தையும் கொடுத்திருக்கிறார்கள். பள்ளியின் வண்ணக் கையேடு ஒருபோதும் சொல்லாத செய்தி அது. அறிக்கைகளோடு, ஒவ்வொரு பள்ளிக்கும் கே.எச்.டி.ஏ. வெளியிடும் கட்டண விவரத் தாளையும் சேர்த்துப் படிப்பது நல்லது. கல்விக் கட்டணத்துக்கு மேல் பேருந்து, சீருடை, புத்தகம் ஆகியவற்றுக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் அதில் காணலாம். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பேருந்துக் கட்டணம் சிறிய தொகையல்ல.

குறைகளும் உண்டு. அறிக்கையின் நடை அதிகாரிகளுக்காக எழுதப்பட்டது போன்றது; ஒரே வாக்கியம் பத்துப் பள்ளிகளின் அறிக்கைகளிலும் சிற்சில மாற்றங்களோடு வருவதாகத் தோன்றும். 2024-25இல் முழுமையான ஆய்வுகள் நடத்தப்படாததால், கையில் இருக்கும் அறிக்கை எந்த ஆண்டுடையது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் குடியேறி அங்கேயே பள்ளி தேடுவோருக்கு இவை உதவா. அந்த எமிரேட்டின் பள்ளிகள் வேறோர் ஆணையத்தின்கீழ் வருகின்றன. இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா என்பதையும் பள்ளியிடம்தான் கேட்டறிய வேண்டும். எல்லா இந்தியப் பள்ளிகளிலும் அது இல்லை. எங்களுக்கு அமைந்த பள்ளியிலும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

காலையில் பேருந்து எத்தனை மணிக்கு வீட்டு வாசலுக்கு வரும் என்பதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை. முதலில் பார்த்த வீட்டுக்கு 5.50 என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த வீட்டை விட்டுவிட்டு, இந்தியப் பள்ளிகள் பல இருக்கும் அல் குசைஸுக்குப் பக்கத்தில், அல் நஹ்தாவில், சற்றுச் சிறிய வீடாகப் பார்த்துக்கொண்டோம்.