பழைய மொபைல் ஹோமை விற்பது: ரொக்கமா, தவணையா, கடன் நிறுவனமா, நிலத்தோடு சேர்த்தா?

தொழிற்சாலையில் கட்டி, மனைக்குக் கொண்டுவந்து நிறுவப்படும் வீடு மொபைல் ஹோம். அமெரிக்காவில் பழைய மொபைல் ஹோம் ஒன்றை விற்பனைக்கு வைத்தால் விசாரிக்க ஆட்கள் வருவார்கள். அந்த விலைக்கு வேறு கூரை கிடைக்காத ஊர்களில் நிறையவே வருவார்கள். வந்தவர்களில் பலரிடம் முழுப் பணம் இராது. அவர்களுக்குக் கடன் கொடுக்க வங்கியும் எளிதில் முன்வராது. ஆகவே ரொக்கத்துக்கு விற்பது, தாமே தவணைக்கு விற்பது, கடன் நிறுவனத்தின் வழியாக விற்பது, நிலத்தோடு பிணைத்து அசையாச் சொத்தாக மாற்றி விற்பது ஆகிய நான்கையும் ஒப்பிடுபவர், எதில் விலை அதிகம் என்று பார்ப்பதற்கு முன், தம் வீட்டுக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதை இரண்டு செய்திகள் முடிவு செய்கின்றன. முதலாவது, வீடு கட்டப்பட்ட நாள். 1974-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட கட்டுமான விதிகள் 1976 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. அதன்பின் தொழிற்சாலையை விட்டு வந்த ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் சிறிய சிவப்பு உலோகத் தகடு ஒன்று இருக்கும். இரு பகுதிகளை இணைத்த டபுள் வைட் என்றால் இரண்டு தகடுகள். வெளிச்சுவரைப் புதுப்பித்தபோது அந்தத் தகடு கழன்று குப்பைக்குப் போன வீடுகளும் உண்டு. தொலைந்த தகட்டுக்கு மாற்றுத் தகடு தரமாட்டார்கள். அதன் இடத்தில் ஐ.பி.டி.எஸ். என்ற நிறுவனத்திடம் சரிபார்ப்புக் கடிதம் கேட்டுப் பெறலாம். விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது, ஏனெனில் தகடோ கடிதமோ இல்லாமல் கடன் பேச்சு தொடங்குவதே அரிது.

இரண்டாவது, வீட்டுக்குக் கீழே உள்ள நிலம் யாருடையது என்பது. பூங்கா எனப்படும் குடியிருப்பு வளாகத்தில் மாத வாடகைக்கு எடுத்த மனையில் நிற்கும் வீடு, பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி அசையும் சொத்து. காருக்கு இருப்பதைப் போலவே அதற்கும் டைட்டில் எனப்படும் உரிமைச் சான்று ஒன்று இருக்கும். ஃப்ளோரிடாவில் டபுள் வைட்டின் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி டைட்டில் உண்டு. இறந்துபோன பெற்றோரின் பெயரிலோ, பத்தாண்டுகளுக்கு முன் விற்றுப் போனவரின் பெயரிலோ டைட்டில் கிடந்தால், நான்கு வழிகளில் எதுவும் நகராது.

சொந்த நிலத்தில், 1976-க்குப் பின் கட்டிய வீடு நிற்குமானால், நான்காவது வழியே சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். டைட்டிலை மாநில அலுவலகத்தில் ஒப்படைத்து ரத்துச் செய்து, நிலத்தோடு சேர்த்துப் பதிவு செய்து, அடித்தளம் நிலையானது என்பதற்குப் பொறியாளரின் சான்றிதழ் வாங்கிவிட்டால், வாங்குபவர் எஃப்.எச்.ஏ. எனப்படும் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் காப்பீடு பெற்ற நீண்டகால அடமானக் கடனைக் கேட்கலாம். மாத தவணை குறைவதால், அதே வருமானம் உள்ளவர் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது. அடித்தளத்தைத் திருத்தச் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவு வாங்கக்கூடியவர்களின் வட்டத்தையே விரிக்கிறது. ஒரு தடையை மட்டும் மறக்கக் கூடாது: முன்பு வேறோர் இடத்தில் நிறுவப்பட்டு, பிறகு இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வீட்டுக்கு இந்தக் கடன் கிடைக்காது.

வாடகை மனையில் நிற்கும் வீட்டுக்குக் கடன் நிறுவனத்தின் வழி ஏட்டளவில் திறந்திருந்தாலும், பழைய வீட்டுக்கு அது மிகக் குறுகலானது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மொபைல் ஹோம் வகை வீடுகளை வாங்கக் கொடுக்கப்பட்ட எல்லாக் கடன்களிலும் 42 சதவீதம் அசையும் சொத்துக் கடன்கள். அவற்றின் வட்டி அடமானக் கடனைவிட அதிகம், காலமும் குறைவு. இருபதாயிரம் டாலர் கடனுக்கும் இரண்டு லட்சம் டாலர் கடனுக்கும் நிறுவனம் செய்ய வேண்டிய தாள்வேலை ஏறத்தாழ ஒன்றே என்பதால், சிறிய தொகையில் அதற்கு ஆர்வம் இருப்பதில்லை. காப்பீடு இன்னொரு முட்டுக்கட்டை: அலுமினிய மின்கம்பி, பாலிபியூட்டிலீன் தண்ணீர்க்குழாய், ஊறிப்போன துகள்பலகைத் தரை ஆகியவை உள்ள வீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், கடனும் அதோடு நின்றுவிடும்.

எனவே பூங்காவில் உள்ள பழைய வீட்டுக்கு உண்மையான போட்டி ரொக்கத்துக்கும் தவணைக்கும் இடையேதான். ரொக்கத்தில் ஒரு வாரத்தில் வேலை முடியும். அதற்கு ஈடாக விலை கடுமையாக இறங்கும். இத்தகைய வீட்டைப் பெயர்த்து வேறிடம் கொண்டுசெல்வது எளிதல்ல, செலவும் பல ஆயிரம் டாலர். கொண்டுசென்றாலும் பழைய வீட்டை ஏற்கும் பூங்கா கிடைக்க வேண்டும். வீடு காலியாக இருந்தாலும் மனை வாடகையை மாதந்தோறும் கட்டியாக வேண்டும். இந்த நெருக்கடியை நன்கு அறிந்த முதலீட்டாளர்களும் பூங்கா நிர்வாகங்களும் அடிமாட்டு விலை கேட்பதைத்தான் நான் மிகவும் வருத்தத்தோடு பார்க்கிறேன். இருபது ஆண்டு உழைப்பில் ஒரு குடும்பம் சேர்த்த ஒரே சொத்து அப்படிக் கைமாறக் கூடாது.

தவணையில் கணக்கு வேறு. எடுத்துக்காட்டாக, ரொக்கத்துக்கு 15,000 டாலர் மட்டுமே கேட்கப்படும் வீட்டை 25,000 டாலருக்குத் தவணையில் கொடுத்து, 5,000 முன்பணமாக வாங்கி, மீதி 20,000-க்கு ஆண்டு 9 சதவீத நிலையான வட்டியில் 60 மாதத் தவணை வைத்தால், மாதம் சுமார் 415 டாலர் வரும். ஐந்தாண்டில் முன்பணத்தோடு மொத்தம் 29,900 டாலருக்குச் சற்று மேல். வாங்குபவர் மனை வாடகையையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதால், அவர் வருமானத்துக்கு இரண்டும் தாங்குமா என்பதை விற்பவரே நேர்மையாகப் பார்த்தாக வேண்டும். முன்பணத்தை வாங்கிக்கொண்டு, முடியாதவரை மூன்று மாதத்தில் வெளியேற்றி, அதே வீட்டை மறுபடி விற்பவர்களும் இருக்கிறார்கள். அது வியாபாரமே அல்ல.

இதில் சட்டமும் உண்டு. 2010-இன் டாட் ஃபிராங்க் என்ற நிதிச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், பன்னிரண்டு மாதத்தில் ஒரே ஒரு சொத்தைத் தவணைக்கு விற்கும் தனிநபருக்கு, கடன் ஏற்பாட்டாளருக்கான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு அளிக்கின்றன. அந்த விலக்குக்கு, அசல் ஏறிக்கொண்டே போகும் தவணைமுறை கூடாது, வட்டியும் நிலையானதாகவோ குறைந்தது ஐந்தாண்டு மாறாததாகவோ இருக்க வேண்டும். மாநிலச் சட்டம் தனி. ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது அவசியம். டைட்டில் வாங்குபவர் பெயருக்கு மாறும்போதே, அதில் விற்பவரின் கடன் உரிமையையும் பதிவு செய்ய வேண்டும். வாங்குபவரைக் குடியிருப்பாளராக ஏற்கும் பூங்காவின் ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகே முன்பணத்தைத் தொட வேண்டும். வாங்கியவர் மனை வாடகையை நிறுத்தினால் பூங்கா வெளியேற்ற நடவடிக்கை எடுக்கும்; அப்போது தமக்கும் அறிவிப்பு வர வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்காத விற்பனையாளர், வீட்டையும் தவணையையும் சேர்த்து இழக்கக்கூடும்.

1976-க்கு முற்பட்ட வீட்டுக்கு ரொக்கத்தையே பரிந்துரைப்பேன். ஐந்தாண்டுத் தவணை முடியும்வரை அந்த வீடு நிற்குமா என்ற ஐயம் இருக்கையில், அதன் ஆபத்தை வாங்குபவர் தலையில் ஏற்றுவது சரியல்ல.

இவை எல்லா மாநிலத்துக்கும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் மனை வாடகைக்கு எடுத்ததாக இருந்தாலும் வீடு அசையாச் சொத்தாகவே கருதப்படுகிறது. 1984-இல் அங்கே மெரடித் ஊரில் குடியிருப்பாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, தங்கள் பூங்காவைத் தாங்களே வாங்கினார்கள். நியூ ஹாம்ப்ஷயர் சமூகக் கடன் நிதியம் அதற்குக் கடன் கொடுத்தது. உங்கள் பூங்காவில் அப்படியொரு பேச்சு தொடங்கியிருந்தால், முதலீட்டாளரின் ரொக்கத்துக்குக் கையெழுத்திடுவதற்கு முன் அந்தக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.