16 குதிரை கூடிவிட்டதாகச் சொல்லி 36,500 ரூபாயைக் கறந்துவிட்டார்கள்

ரீமேப் (காரின் கம்ப்யூட்டரான ஈசியூவில் சாஃப்ட்வேரை மாற்றி பவரைக் கூட்டுவது), டைனோ (காரை உருளைமேல் ஓட்டி பவரை அளக்கும் கருவி) என்று அலைகிறவர்கள், அதிலும் பெங்களூரில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். முந்தாநாள் வரை ஏமாந்ததுகூடத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். போனது 36,500 ரூபாய்.

என்னுடையது ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார். கடை ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ட்யூனிங் கடை, பெயர் வேண்டாம். வாசலிலேயே "வாங்கண்ணா" என்றான். ஓசூர்ப் பக்கமாம். நாளெல்லாம் கன்னடமும் இந்தியும் பேசித் தேய்ந்தவனுக்கு அந்த ஒரு "அண்ணா" போதாதா? டீ வந்தது. காரை உருளைமேல் ஏற்றி, பட்டை போட்டு இறுக்கி, முன்னால் பெரிய ஃபேனை வைத்து ஓட்டினார்கள். 96 பிஎச்பி, அதாவது 96 குதிரைத்திறன். லேப்டாப்பிலிருந்து காருக்குள் ஏதோ ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டினார்கள். 112! திரையில் நீலக் கோட்டுக்கு மேலே சிவப்புக் கோடு. நின்ற இடத்திலேயே 36,500-ஐ அனுப்பினேன்.

சாலையில் ஒரு மாற்றமும் இல்லை. 16 குதிரை கூடினால் முதுகுக்குத் தெரியாதா? கேட்டேன். "ஈசியூ பழக 500 கிலோமீட்டர் ஓடணும்ணா." ஓட்டினேன். "பெட்ரோலை மாத்திப் பாருங்கண்ணா." மாற்றினேன். "கிளைமேட் சார்." அண்ணா சாராக மாறியதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முந்தாநாள்தான் ரீமேப்புக்கு முன்னும் பின்னும் டைனோவில் எடுத்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் எறும்பு எழுத்தில் சிஎஃப், அதாவது கரெக்‌ஷன் ஃபேக்டர், அளந்த பவரைப் பெருக்கும் திருத்த எண். முதல் தாளில் 1.00. இரண்டாவதில் 1.14.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் 1013 மில்லிபாருக்குப் பதில் 910 சொச்சம்தான். டர்போ இல்லாத எஞ்சினுக்கு இதிலேயே பத்து சதவீதம் போல பவர் குறையும். கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் ஓட்டியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கத்தான் அந்த சிஎஃப்பால் பெருக்குகிறார்கள். அதில் தப்பில்லை, எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த ஜே1349 என்று முறையே இருக்கிறது. ஆனால் ரீமேப்புக்கு முன்னால் பெருக்காமல், பின்னால் மட்டும் பெருக்கினால்? 112-ஐ 1.14-ஆல் வகுத்துப் பாருங்கள். 98. ஒரே காரை அடுத்தடுத்து ஓட்டினாலே அந்த இரண்டு குதிரை கூடும், குறையும். அதற்கு 36,500!

அதுவும் என்னுடையது டர்போ. காற்று மெலிந்தாலும் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி, வேண்டிய அழுத்தத்தைக் கொண்டுவந்துவிடும். இந்த உயரத்தில் இழப்பு சொற்பம். இல்லாத நஷ்டத்துக்கு ஈடு போட்டிருக்கிறான்.

தாள்களைப் படமெடுத்து அனுப்பினேன். "அது சாஃப்ட்வேர் தானா போடுறது சார்." அப்புறம், "ட்யூனர் வெளியூர்ல இருக்கார்." நேற்றிலிருந்து நீல டிக் மட்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முன், பின் இரண்டு தாளிலும் சிஎஃப் ஒன்றா பாருங்கள். டர்போ என்றால் பெருக்காத எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் ஓட்டிப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். "அண்ணா" என்றதும் உருகாதீர்கள். சரி, மறுபடி போன் போடப் போகிறேன்.