நுவரெலியாவில் ஏசி காஸ் அடிக்கப் போகிறவர்களுக்கு

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குத் தினமும் போய் வருகிறவன் நான். போன மாதம் நானுஓயா பக்கம் நல்ல பனிமூட்டம். முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து, ஏசி போட்டும் விலகவில்லை. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி. காஸ் குறைந்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். பாதித் தப்பு அங்கேதான்.

டவுனில் ஒரு கராஜில் பின்னேரம் காரை விட்டுவிட்டு மறுநாள் காலை போனேன். மெக்கானிக் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே பிரஷர் கேஜைப் பூட்டினார். முள் 55 பிஎஸ்ஐயில் நின்றது.

"பாருங்க அண்ணே, 90க்கு மேல காட்டணும். பாதி காஸ் இல்ல."

எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். "ஓட ஓடக் குறையும்தானே" என்றார். காஸ் டின்னைப் பூட்டி, குலுக்கிக் குலுக்கி அடித்தார். தராசு இல்லை, லீக் பார்க்கவில்லை. டின்னில் மிச்சம் இருந்தது, காசு மட்டும் முழு டின்னுக்கு: 9,000 ரூபா.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொழும்புக்குக் கிளம்பினோம். கினிகத்தேனை இறக்கம் வரை சுகம். கித்துல்கலை தாண்டிச் சூடு ஏற ஏறக் கம்பிரசர் 'டக்' என்று பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று விடும். அவிசாவளை நெரிசலில் வந்தது சுடுகாற்றுதான்.

அங்கே ஒரு ஏசி கடையில் நிறுத்தினோம். பையன் முதலில் பொனட்டைத் திறந்து ஸ்டிக்கரைக் காட்டினான்: காஸ் வகை ஆர்134ஏ, அளவு 350 கிராம். உள்ளே இருந்த காஸை மெஷினால் உறிஞ்சி எடை பார்த்தால் 530 கிராம். பிரஷர் எகிறி, சுவிட்ச் கம்பிரசரை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. அரை மணி நேரம் வேக்கம் போட்டு, அதாவது உள்ளே வெற்றிடமாக்கி, அப்படியே விட்டுப் பார்த்தான், முள் அசையவில்லை. லீக்கே இல்லை. அதாவது முதலிலேயே காஸ் குறையவில்லை!

அப்புறம்தான் விளங்கியது. எஞ்சின் ஓடாதபோது, உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை, பிரஷர் வெளிச் சூட்டைப் பொறுத்தது. 14 டிகிரியில் நிறைந்த சிஸ்டமும் 55 போலத்தான் காட்டும். கொழும்பின் 30 டிகிரியில் 95ஐத் தாண்டும். வீட்டு காஸ் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று தூக்கித்தானே பார்க்கிறோம்? இதுவும் நிறையில்தான் தெரியும். பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சாமானும் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அதை அடைக்காமல் அடிப்பது வீண். தராசு இல்லாத இடத்தில் டின்னைத் திறக்க விடாதீர்கள். கம்பிரசர் மின்சாரத்தில் ஓடும் ஹைபிரிட் என்றால் இன்னும் கவனம். அதற்கு எண்ணெயே வேறு, சாதாரண கார் ஏசிக்கான பிஏஜி எண்ணெய் கலந்த டின் அதைக் கெடுத்துவிடும்.

கண்ணாடி ஆவிக்குக் காரணம்? உள்காற்றையே சுற்றவிடும் பட்டன் அமுங்கிக் கிடந்தது, கேபின் ஃபில்டர் சருகும் தூசியுமாக அடைத்திருந்தது. குளிர் அதிகமானால் கம்பிரசர் தானே ஓடாமலும் இருக்குமாம். இப்போது வெளிக்காற்றைத் திறந்து ஹீட்டரைக் கொஞ்சம் வைக்கிறேன், இரண்டு நிமிடத்தில் கண்ணாடி தெளிகிறது.

திரும்பி வந்து அந்தக் கராஜில் போய்ச் சொன்னேன். காசு திரும்பவில்லை. "அங்க சூடு அண்ணே, பிரஷர் கூடத்தான் செய்யும்" என்றார்.