கையைக் கடிக்காத ஆரோக்கியம்: வேலூர் வீட்டுக்கு எது சரி?

இயற்கையோடு ஒட்டி, ஆரோக்கியமாக வாழ ஆசைப்படுகிற நடுத்தரக் குடும்பத்தை முதலில் பயமுறுத்துவது விலைதான். ஆர்கானிக் கடைக்குள் நுழைந்து செக்கு எண்ணெய், கருப்பு கவுனி, நாட்டுச் சர்க்கரை, மலைத்தேன் என்று நாலு பொருள் எடுத்தாலே மாத மளிகைக் காசில் பெரும்பங்கு போய்விடும். இரண்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, "நமக்கெல்லாம் இது கட்டுப்படி ஆகாது" என்று விட்டுவிட்ட வீடுகள் நிறைய. அப்படி விட வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் கூடுதலாகக் காசு போட வேண்டிய இடங்கள் இரண்டு: சமையல் எண்ணெய், குடிநீர். மற்றபடி இங்கே விலை குறைந்ததே பெரும்பாலும் நல்லதாகவும் இருக்கிறது.

காய்கறி: ஆர்கானிக் கடையா, உழவர் சந்தையா?

உழவர் சந்தை 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம். வேலூர்க்காரர்களுக்கு டோல்கேட்டில் ஒன்று, காட்பாடியில் ஒன்று. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள்தான் அங்கே கடை போடலாம். அன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவார்கள். வெளிக்கடை விலையைவிடக் குறைவு, மொத்த வியாபாரி கொடுப்பதைவிட விவசாயிக்குக் கூடுதல். இரண்டு பக்கமும் லாபம்.

ஆர்கானிக் கடையின் பலம், மருந்து அடிக்காத காய் என்ற உறுதி. அந்த உறுதிக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாக்கெட் பொருளில் 'இந்தியா ஆர்கானிக்' அல்லது 'ஜைவிக் பாரத்' முத்திரை இருந்தால் சரி. கூடையில் கொட்டி வைத்திருக்கும் தக்காளிக்கு முத்திரை எதுவும் கிடையாது, கடைக்காரர் வாக்குதான். அந்த வாக்கை நம்ப உங்களுக்குக் காரணம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

சந்தைக் காயிலும் மருந்து இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். ஆனால் எல்லாக் காயிலும் ஒரே அளவு இருக்காது. கத்தரி, வெண்டை, காலிஃபிளவர், முட்டைக்கோஸ், பச்சை மிளகாய் இவையெல்லாம் புழுவுக்குப் பயந்து அடிக்கடி மருந்து அடிக்கிற பயிர்கள். முருங்கை, சேனை, வாழைத்தண்டு, வாழைப்பூ, பூசணி போன்றவற்றுக்கு அவ்வளவு மருந்து தேவைப்படாது. வாரத்தில் நாலு நாள் இரண்டாவது கூட்டத்திலிருந்து சமைத்தாலே, ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் வீட்டுக்குள் வரும் பூச்சிமருந்து குறையும்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை மட்டும் நான் விடச் சொல்ல மாட்டேன். அணைக்கட்டுப் பக்கத்தின் அந்தக் காய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது; அதைப் போட்டு வைக்கிற எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஈடு கிடையாது. விளைவித்தவரிடமே வாங்கும்போது, "அண்ணா, கடைசியா எப்போ மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டுவிடலாம். பத்து நாளாச்சு என்பவரும் உண்டு, முந்தாநாள்தான் என்று உள்ளதைச் சொல்பவரும் உண்டு. இந்தக் கேள்வியைச் சூப்பர் மார்க்கெட்டில் யாரிடம் கேட்பது?

கறிவேப்பிலை, கீரை, புதினா மூன்றையும் மாடியில் வைத்துக்கொள்வது நல்லது. இலையின் மேல்தான் மருந்து நேராகப் படிகிறது, இலையைத்தான் அப்படியே சாப்பிடுகிறோம். நம் ஊர் கத்திரி வெயிலுக்குப் பச்சை வலை கட்டினால்தான் கீரை பிழைக்கும். கறிவேப்பிலைக்கு அந்தக் கவலையும் இல்லை.

காலை உணவு: ஓட்ஸா, டப்பா சத்துமாவா, கேழ்வரகா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வடாற்காட்டில் பிறந்தவர்கள் கேழ்வரகை விட்டுவிட்டு ஓட்ஸுக்குப் போவது வீண் செலவு.

நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் 340 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. ஓட்ஸில் ஏறத்தாழ 50, தீட்டிய அரிசியில் 10-க்குப் பக்கம். விலையில் ஓட்ஸ் கேழ்வரகைப்போல் மூன்று, நாலு மடங்கு. ஓட்ஸுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: அதிலுள்ள கரையும் நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். மருத்துவர் அதற்காகச் சொல்லியிருந்தால் சாப்பிடுங்கள். மசாலா சேர்த்த உடனடி ஓட்ஸ் பாக்கெட் வேறு சமாச்சாரம், அதில் உப்பு ஏராளம்.

டப்பா சத்துமாவு வாங்குபவர்கள் பின்பக்கம் இருக்கும் பொருட்பட்டியலைப் படிக்க வேண்டும். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். சர்க்கரையோ, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் பொடியோ முதல் மூன்று இடத்துக்குள் இருந்தால், சத்தென்று நினைத்து இனிப்புக்குக் காசு கொடுக்கிறோம் என்று பொருள். வீட்டில் செய்வது எளிது. கேழ்வரகைக் கழுவி ஒரு இரவு ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். மாடியில் காயவைக்க வேலூர் வெயிலுக்கு ஒரு பகல் போதும். லேசாக வறுத்து, வறுத்த பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, கொஞ்சம் மல்லாட்டை (நிலக்கடலை) சேர்த்து மில்லில் கொடுத்து அரைத்தால் ஒரு மாதத்துக்கு ஆச்சு. முளை கட்டுவதால் கேழ்வரகின் இரும்புச்சத்தை உடம்பு இன்னும் நன்றாக எடுத்துக்கொள்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு இலவசம். அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படவே வேண்டாம்.

அப்புறம் கூழ். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் வார்ப்பதோடு அதை நிறுத்திக்கொள்வானேன்? கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் பச்சரிசி நொய் வெந்துகொண்டிருக்கும்போது அதில் ஊற்றிக் கட்டிதட்டாமல் கிண்ட வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிட்டால், காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைக்க இரண்டு நிமிஷம். கடித்துக்கொள்ள சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கருவாடு, மாங்காய் எது கிடைக்கிறதோ அது. நாலு பேர் வயிறார அரைக் கிலோ மாவு தாராளம்.

ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கேழ்வரகு என்றால் சர்க்கரை ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். நைசாக அரைத்த மாவில் செய்த களியும் கூழும் இரத்தச் சர்க்கரையை நன்றாகவே ஏற்றும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவைக் குறைத்து, கீரையும் பருப்பும் கூட வைத்துச் சாப்பிட வேண்டும். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை அவர்களுக்கு நல்ல தேர்வு. அரிசிச் சோற்றுக்குப் பதிலாக வேறு சோறு வேண்டும் என்பவர்கள் ஜவ்வாது மலைச் சாமையைப் பார்க்கலாம். விலை கூடுதல்தான், வாரம் ஒருநாள் வைத்துக்கொண்டால் பட்ஜெட் தாங்கும்.

எண்ணெய்: செக்கா, ரீஃபைண்டா, ரேஷன் பாமாயிலா?

ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். பருப்பை ஒரு மாதம்கூட விடாமல் வாங்குங்கள், அந்த விலைக்கு அவ்வளவு புரதம் வேறு எங்கும் கிடையாது. பாமாயில் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அதில் ஏறத்தாழ பாதி நிறைகொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். தினசரிச் சமையல் முழுக்கப் பாமாயிலில் ஓடுகிற வீடு அதை மாற்ற வேண்டும்.

எதற்கு மாற்றுவது? ரீஃபைண்ட் எண்ணெய் விஷம் என்று பரப்புவது தவறு. சுத்திகரித்து, நிறம் எடுத்து, அதிகச் சூட்டில் வாசனை நீக்குகிறார்கள். வாசனையோடு வைட்டமின் ஈ-யிலும் ஒரு பங்கு போகிறது. செக்கில் அந்த இழப்பு இல்லை. ஆனால் கலோரியில் இரண்டும் ஒன்றே, கிராமுக்கு 9. செக்கு எண்ணெய் என்பதற்காகக் கூட ஊற்றினால் உடம்பு அதையும் கொழுப்பாகத்தான் சேர்த்துவைக்கும்.

செக்கு எண்ணெயில் ஏமாறாமல் இருக்கக் கணக்குத் தெரிய வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ உரித்த மல்லாட்டைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் விற்கிற நாளில் பருப்புக்கே 325 ஆகிவிடுகிறது. பிண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் திரும்பி வரும். மின்சாரமும் கூலியும் அதைச் சாப்பிட்டுவிடும். இந்த நிலையில் யாராவது லிட்டர் 200 ரூபாய்க்குச் 'சுத்தமான மரச்செக்கு' என்று விற்றால், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கடையில் சாதாரண ரீஃபைண்ட் வாங்குவது எவ்வளவோ மேல்.

விலையைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. செக்குக்குப் போகும்போது மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி பருப்பை அள்ளிப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூசணம் பிடித்தது கலந்திருந்தால் அந்த இடத்தில் வாங்காதீர்கள். மல்லாட்டையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலைக் கெடுக்கும். ரீஃபைண்ட் செய்யும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அப்படியே எண்ணெயோடு வந்துவிடும். நல்ல பருப்பை நாமே வாங்கிக்கொண்டுபோய், கூலி கொடுத்து ஆட்டி வாங்குவது எல்லாவற்றிலும் உத்தமம். கண்முன்னே ஆட்டி வந்த எண்ணெயைக் கசடு அடியில் படியும்வரை தெளியவிட்டு, மேலாக வடித்து வைத்துக்கொள்ளலாம்.

கட்டுப்படியாகும் வழி அளவில் இருக்கிறது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். மூன்று, மூன்றரை லிட்டர் ரீஃபைண்ட் வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்கு இரண்டு லிட்டர் செக்கு எண்ணெயால் செலவு கொஞ்சம்தான் கூடும். கூடுகிற அந்தக் காசுக்கு மதிப்பு உண்டு.

ஜிம்மா, நடையா?

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கோட்டை மைதானத்தில் விடியற்காலையில் நடக்கக் காசு கிடையாது. தசை பலத்துக்கு வீட்டிலேயே தண்டால், பஸ்கி. ஜிம் வேண்டாம் என்று சொல்லவில்லை. காசு இடிக்கிற வீட்டில் முதலில் வெட்ட வேண்டியது அது.

தண்ணீர்: கொதிக்கவைத்ததா, கேனா, ஆர்.ஓ.வா?

இயற்கை வழியே நல்லது என்ற பேச்சு நம் பக்கத்தில் செல்லாத இடம் இதுதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்புகளில் அது ஒன்று. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே வேலூர் விவகாரத்தில் தீர்ப்பு வந்தது என்றால், பிரச்சினை தீரவில்லை என்றுதானே அர்த்தம்?

அதனால் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து மண்பானையில் ஊற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும், தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியமும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். ஐநூறு ரூபாய் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைக் காட்டும், குரோமியத்தைத் தனியாகக் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி ஒருமுறை பரிசோதித்துவிடுவதே சரியான வழி.

வீட்டுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதென்றால் கொதிக்கவைத்து வடிகட்டி மண்பானையில் ஊற்றுங்கள். அதற்கு மேல் ஒரு பைசா செலவு வேண்டாம். போர் மட்டும்தான் என்றால் கேனா, ஆர்.ஓ.வா என்ற கேள்வி வரும். குடிக்கவும் சமைக்கவும் மாதம் இருபது கேன், கேன் 35 ரூபாய் என்றால் மாதம் 700. பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆர்.ஓ. வாங்கி, வருடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் ஃபில்டருக்கும் மெம்பரேனுக்கும் எடுத்து வைத்தால், ஏறத்தாழ இரண்டரை வருடத்தில் கேன் செலவைத் தொட்டு, அப்புறம் ஆர்.ஓ.தான் மிச்சம். சொந்த வீடென்றால் ஆர்.ஓ., அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்குக் கேன். கேன் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நிரப்பிய தேதியும் பாருங்கள், வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீர் நாம் குடிக்கிற தண்ணீரைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. குழாயை ஒரு பக்கெட்டில் விட்டால் கழிவறைக்கும் வாசல் கழுவவும் ஆகும். செடிக்கு மட்டும் ஊற்ற வேண்டாம், அதில் உப்பு அதிகம்.