கிளாஸில் தண்ணீர் கறுத்தால் அது ஈயம் இல்லை: எங்களுக்குப் போனது 2,850 வெள்ளி (ரிங்கிட்)

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில், முக்கியமாக ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் பழைய வீடுகளில் இருப்பவர்கள் படியுங்கள். "உங்க வீட்டு பைப்புல ஈயம் இருக்கான்னு இலவசமா பார்த்துத் தர்றோம்" என்று வீடு வீடாக வருகிறார்கள். தண்ணீர் வடிகட்டி விற்று, பைப்பும் மாற்றித் தரும் வகைக் கம்பெனி. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. எங்களிடம் வாங்கியது 2,850 வெள்ளி.

வந்தது தமிழ்ப் பையன்தான். (அவர் இவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.) கழுத்தில் அட்டை, கையில் மலாயில் அச்சடித்த ஃபாரம். தண்ணீர் வாரியத்து ஆள் என்று அவன் வாயால் சொல்லவில்லை. ஆனால் நேராக மீட்டரிடம் போய் நம்பரைக் குறித்துக்கொண்டால் நாம் என்ன நினைப்போம்? அப்புறம் மாமியாரிடம், "பாட்டிக்கு எந்த ஊரு?" என்றான். அவர் நிபோங் திபால் தோட்டத்தில் பிறந்தவர். "அட, எங்க அம்மா வழியெல்லாம் அங்கதான் பாட்டி!" என்றான். மாமியார் உடனே டீ கலக்கப் போய்விட்டார்.

அந்த டீயை அவன் குடிக்கவில்லை. வாய் வரைக்கும் கொண்டுபோய், "பைப் தண்ணியிலயா போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தான். பக்கத்தில் என் இரண்டு வயது மகள் பால் புட்டியோடு நிற்கிறாள். அதுவும் அதே தண்ணீர்தான். எங்களைச் சாய்த்தது அந்தக் கோப்பைதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பையிலிருந்து இரண்டு கிளாஸ் எடுத்தான். ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவன் பாட்டிலில் கொண்டு வந்தது. கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, பிளக்கைச் சொருகினான். எங்கள் கிளாஸ் முதலில் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் சாக்கடை மாதிரி கறுத்தது. அவனுடையது அப்படியே இருந்தது. "இதைத்தான் பாப்பா குடிக்குது அக்கா" என்றான். மாமியார் அழுதே விட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் வாயால் சொன்னதில் பாதி உண்மை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், உண்மை. கொதிக்க வைத்தாலும் போகாது, உண்மை. அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்தில் 2014இல் தண்ணீர் எடுக்கும் ஆற்றை மாற்றினார்கள், பைப் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை, பழைய பைப்புகளிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்கு வந்தது. அந்த வீடியோவையும் போனில் காட்டினான். எல்லாம் நடந்ததுதான். ஆனால் அது ஃபிளின்ட் வீட்டு பைப். எங்கள் வீட்டு பைப் என்னவென்று அவன் பார்க்கவே இல்லை. சாவியால் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டி, "பாருங்க, பளபளங்குது, ஈயம்" என்றதோடு சரி.

அன்றைக்கே ஆன்லைனில் 2,850 வெள்ளி அனுப்பினேன். அதில் வடிகட்டி, பைப் மாற்றும் வேலை, லேப் ரிப்போர்ட் எல்லாம் அடக்கம் என்றார்கள். வடிகட்டியை மாட்டினார்கள். சிங்க் அடியில் கையளவு பைப்பை வெட்டிவிட்டு பிளாஸ்டிக் போட்டார்கள். மீதி பைப்புக்கு "அடுத்த வாரம்". ரிப்போர்ட் என்று வந்த தாளில் லேப் பெயர் இல்லை, அளவும் இல்லை. ஈயம்: அதிகம். அவ்வளவுதான்.

மீதி பைப்பை மாற்ற யாரும் வராததால், பக்கத்துத் தெருவில் பைப் வேலை செய்யும் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பிரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப் பைப்பில் வைத்தார். பச்சக்கென்று ஒட்டியது. ஈயத்தில் காந்தம் ஒட்டாதும்மா, இது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், பழைய வீடுகளில் இதுதான் இருக்கும், காலையில் கொஞ்சம் துருத் தண்ணீர் வரும் என்றார்.

கறுத்த தண்ணீருக்கும் விடை கிடைத்தது. கம்பியே இரும்பு. மின்சாரம் போகும்போது கரைவது அந்தக் கம்பிதான். சாதாரணத் தண்ணீரில் தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாயும். அவன் கொண்டு வந்த சுத்திகரித்த நீரில் அவ்வளவாகப் பாயாது. என் தம்பி கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் உப்புப் போட்டு, இரண்டு இரும்பு ஆணியையும் ஒரு பேட்டரியையும் வைத்துக் காட்டினான். அதுவும் அழுக்கானது. தண்ணீரில் கரைந்த ஈயத்துக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. கிளாஸில் தெரியவே தெரியாது!

பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலில் "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்". பிறகு "கணக்குப் பிரிவுக்கு அனுப்பிட்டோம்". பிறகு "புரமோஷன் விலைக்கு ரீஃபண்ட் கிடையாது". எந்த லேப் என்று கேட்டதற்கு, அது கம்பெனி ரகசியமாம். அக்கா அக்கா என்றவன் வாட்ஸ்அப்பில் நீல டிக்கோடு நிறுத்திக்கொண்டான். கடைசியாக ஒரு பெண் பேசி, இரண்டாவது வடிகட்டிக்குத் தள்ளுபடி தருகிறேன் என்றாள். 2,850 வெள்ளி போனவளிடம் தள்ளுபடி!

விவரமாக எழுத நினைத்தேன், பிள்ளை அழுகிறாள். சுருக்கமாக: கம்பி விட்டுக் காட்டும் சோதனையை நம்பாதீர்கள். பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரும் (தண்ணீரில் மொத்தமாகக் கரைந்திருப்பதை அளக்கும் கருவி) ஈயத்தைக் காட்டாது. சந்தேகம் இருந்தால் காந்தம் வையுங்கள். ஒட்டாமல், சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறும் அளவுக்கு மென்மையாக இருந்தால் அது ஈய பைப்பாக இருக்கலாம். பழைய பித்தளைக் குழாய், பற்றவைத்த இணைப்பு இவற்றிலிருந்தும் கொஞ்சம் வரலாம், அதற்கு இரவு முழுக்கக் குழாயில் நின்ற முதல் தண்ணீரைப் பிடித்து அங்கீகாரம் பெற்ற லேபுக்குக் கொடுங்கள். எண்ணோடு ரிப்போர்ட் வரும், லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. வீடு தேடி வந்து விற்றதை 10 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் சொல்கிறது. "அடுத்த வாரம்" என்று எங்களை இழுத்தது எதற்கென்று இப்போது புரிகிறது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். இதே மாதிரி கிளாஸ் வைத்துக் காட்டி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால் ரசீதைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், விசாரணைக்குச் சேர்த்துக் கொண்டுபோகிறேன்.