நியூரம்பர்க்கில் எங்கே வழிகாட்டி வேண்டும், எங்கே வேண்டாம்: நாஜி கால இடங்களும் விசாரணை மன்றங்களும்

ஒரு சர்வாதிகாரம் கொண்டாடிக்கொண்ட இடத்தையும் அதே சர்வாதிகாரம் குற்றவாளிக் கூண்டில் உட்கார வைக்கப்பட்ட இடத்தையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மனியின் நியூரம்பர்க்தான் சரியான ஊர். ஊரின் தென்கிழக்கில் நாஜிக் கட்சியின் பேரணித் திடல். மேற்கே ஃபூர்தர் சாலையில் நீதி மாளிகை, அதற்குள் 600ஆம் எண் நீதிமன்ற அறை. இரண்டுக்கும் வழிகாட்டியோடும் போகலாம், தனியாகவும் போகலாம். கையில் இருக்கும் பணத்தில் ஒரு இடத்துக்குத்தான் வழிகாட்டி வைக்க முடியும் என்றால், திடலுக்கு வையுங்கள். நீதிமன்ற அறைக்கு ஒலி வழிகாட்டிக் கருவியே போதும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

திடல் என்றதும் ஏதோ ஒரு பெரிய மைதானம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பியர் தலைமையில் போட்ட திட்டத்தின் பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். 1933 முதல் 1938 வரை ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இங்கே திரண்டார்கள். திட்டமிட்டதில் பெரும்பகுதி கட்டி முடிக்கப்படவே இல்லை. 4 லட்சம் பேருக்கென்று தொடங்கிய விளையாட்டரங்கம் அடித்தளக் குழியோடு நின்றுபோய், இன்று ஏரியாகக் கிடக்கிறது. சுற்றிலும் பூங்கா, கால்பந்து அரங்கம், கண்காட்சி வளாகம். ஆண்டுக்கொரு முறை ராக் இசை விழா, கார் பந்தயம். தனியாகப் போனால் இதில் எது எது என்றே பிடிபடாது. அங்கங்கே தகவல் பலகைகள் இருக்கின்றன; ஆனால் ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு நடப்பதற்குள் முதலில் படித்தது மறந்துபோகும்.

அதைவிட முக்கியமான காரணம் வேறு. பேரணித் திடலின் ஒரு பகுதியான செப்பெலின் திடலில் நிற்கும் மேடை 360 மீட்டர் நீளம். அதன் உச்சியிலிருந்த ஸ்வஸ்திகாவை 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மேலே வரிசையாக நின்ற தூண்களை 1967இல் இடித்தாயிற்று. இவ்வளவு போன பிறகும் அந்தக் கட்டடம் மிரட்டுகிறது. படியேறி, நடுவில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பேச்சு மேடையில் நின்றால், எதிரே பரந்த வெளி முழுவதும் நம் காலடியில் கிடப்பதுபோல் இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்ப்பவர் மனத்தில் எந்தப் பிரமிப்பு உண்டாக வேண்டும் என்று அதைக் கட்டினார்களோ, அது இன்றும் உண்டாகிறது. பேச ஆள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் நமக்குக் கேட்பது கட்டியவனின் குரல் மட்டும்தான்.

நல்ல வழிகாட்டி அந்த மேடையிலேயே உங்களை நிறுத்தி வைக்கமாட்டார். பக்கவாட்டுக்குக் கூட்டிப்போய், மேலே ஒட்டிய சுண்ணாம்புக்கல் பெயர்ந்து உள்ளே செங்கல்லும் கான்கிரீட்டும் தெரியும் இடத்தைக் காட்டுவார். ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று பேசிய ஆட்சி அவசரத்தில் பூசிக் கொடுத்த முகப்பு அது. தண்ணீர் இறங்கி உள்ளேயே அரிக்கிறது. பிறகு ‘பெருஞ்சாலை’க்குப் போவார். 60 மீட்டர் அகலம், ஒன்றரை கிலோமீட்டர் நீளம் வரை முடிந்த அணிவகுப்புச் சாலை. அதில் பதித்த கருங்கல் பலகைகளை ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். பக்கத்துக்கு 1.2 மீட்டர் சதுரம். அணிவகுப்பு நடையில் இரண்டு காலடிக்கு ஒரு கல். மனிதன் எங்கே கால் வைக்க வேண்டும் என்பதைத் தரையே முடிவு செய்துவிடுகிறது. இதுபோன்ற பெருங்கட்டுமானங்களுக்குக் கல் வெட்டத்தான் ஃப்ளோசன்பூர்க், மௌத்ஹவுசன் வதைமுகாம்கள் கருங்கல் குவாரிகளை ஒட்டி அமைக்கப்பட்டன. கல்லைக் காட்டிவிட்டு முகாமைச் சொல்லாமல் போகும் சுற்றுலாவுக்குக் காசு கொடுப்பது வீண்.

திடலிலேயே இரண்டு வகைச் சுற்றுலா உண்டு. ஒன்று, பழைய நகரம், திடல், நீதிமன்றம் எல்லாவற்றையும் அரை நாளில் சுற்றிக்காட்டும் பேருந்துப் பயணம். ஆற்றுக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களில் பலர் இதில்தான் போகிறார்கள். மேடை முன் ஒரு நிறுத்தம், படம், மீண்டும் பேருந்து. முழங்கால் வலியுள்ளவர்களோடு போகிறவர்களுக்கு வேறு வழியில்லை என்பது புரிகிறது. நடக்க முடிந்தவர்களுக்கு நான் இதைச் சொல்லவேமாட்டேன். இன்னொன்று, உள்ளூர் வரலாற்றுச் சங்கங்கள் நடத்தும் நடைச் சுற்றுலா. ‘கெஷிக்டே ஃபூர் அல்லே’ என்ற சங்கம் 1980களிலிருந்தே இந்தத் திடலில் ஆட்களை அழைத்துப்போய்ப் பேசிவருகிறது. குறைந்தது இரண்டு மணி நேரமாவது நடக்க வேண்டியிருக்கும். அந்த நடை தேவை. இடத்தின் அளவு காலுக்குத் தெரிந்தால்தான் அதன் அகந்தை புரியும்.

திடலில் நாஜிக் கட்சி மாநாடுகளுக்கென்று கட்டத் தொடங்கிய காங்கிரஸ் மண்டபத்தின் வடக்குப் பகுதியில் ஆவணக் காப்பு மையம் இருக்கிறது. 2001இல் திறந்தது. கட்டடக் கலைஞர் குந்தர் டோமெனிக், அந்தக் கருங்கல் கட்டடத்தின் நேர்கோடுகளை எல்லாம் குறுக்கே கிழித்துக்கொண்டு கண்ணாடியும் எஃகுமாக ஒரு நடைபாதையைச் செருகினார். வெளியிலிருந்து ரோமாபுரி அரங்கம்போல் தெரிவது, உள்முற்றத்திலிருந்து பார்த்தால் பூசப்படாத செங்கல் சுவர். அண்மை ஆண்டுகளில் அங்கே புதுப்பிப்புப் பணிகள் நடந்துவந்தன. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

இனி நீதிமன்ற அறை. யு1 மெட்ரோவில் பேரன்ஷான்ட்ஸ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை போரில் வென்ற நாடுகள் நாஜித் தலைவர்கள் மேல் இங்கே நடத்திய விசாரணையில் 22 பேருக்குத் தீர்ப்பு சொல்லப்பட்டது: 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேர் விடுதலை. கறுப்புவெள்ளைப் படங்களில் பார்த்த அறையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். விசாரணைக்காக ஒரு சுவரை எடுத்து அறையைப் பெரிதாக்கியிருந்தார்கள். பின்னாளில் சுவரைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். 2020 வரை இங்கே சாதாரணக் குற்ற வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. ஆனால் குற்றவாளிகள் சிறையிலிருந்து மின்தூக்கியில் ஏறி வந்து நுழைந்த கதவு அப்படியே இருக்கிறது.

இங்கே வழிகாட்டி வேண்டாம் என்பதற்குக் காரணம், மேல்மாடியில் 2010இல் திறந்த கண்காட்சியே முழுமையானது என்பதுதான். ஒலி வழிகாட்டிக் கருவி நுழைவுச்சீட்டோடு சேர்ந்தே வருகிறது. கூட்டத்தோடு போனால், ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த கோரிங் தூக்குக்கு முந்தைய இரவு சயனைடு தின்ற கதையில் பாதி நேரம் போய்விடும். தனியாகப் போனால் குற்றவாளிகள் உட்கார்ந்த அந்த மர பெஞ்சின் முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். வெறும் மர பெஞ்சுதான். பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் இருக்கும். மொழிபெயர்ப்பு ஏற்பாட்டைப் பற்றியும் நிதானமாகப் படியுங்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் நான்கிலும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு நடந்தது. பேசுகிறவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும், நிறுத்த வேண்டுமென்றால் சிவப்பு. குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தன் மேல் சொல்லப்படுவது தன் மொழியில் புரிய வேண்டும் என்பதற்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அந்த விசாரணையின் குறைகளும் மறக்கக் கூடாதவை: சோவியத்தே போலந்து அதிகாரிகளைக் கொன்ற ‘கட்டின்’ படுகொலையை சோவியத் தரப்பு ஜெர்மானியர் தலையில் கட்டப் பார்த்தது, தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டம் படிக்கும் பிள்ளைகளை அழைத்துப்போகிறீர்கள் என்றால் மட்டும் வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

பெர்லினை இதோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் தலைமையகம் இருந்த இடத்தில் ‘பயங்கரத்தின் நிலவரைவு’ கண்காட்சி, 1942 ஜனவரி 20 அன்று 15 பேர் கூடி ஐரோப்பிய யூதர்களை ஒழிப்பதைப் பற்றிப் பேசிய வான்சே மாளிகை இரண்டுமே நுழைவு இலவசம், இரண்டுமே தரமானவை. ஹிட்லரின் பதுங்கு குழி இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடமும் ஒரு தகவல் பலகையும்தான். அதை உச்சகட்டமாக வைத்து விற்கும் நடைச் சுற்றுலாக்களைத் தவிர்த்துவிடலாம். ஒரு நாள்தான் என்றால் வான்சே. அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டுப் பிரதி 1947இல்தான் கிடைத்தது. 600ஆம் அறையின் முதன்மை விசாரணை அது இல்லாமலேயே முடிந்திருந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த அழகான அறையில் நின்று பாருங்கள்.

டோக்கியோ முற்றிலும் வேறு மாதிரி. 1946 மே முதல் 1948 நவம்பர் வரை ஜப்பானியத் தலைவர்கள் மேல் போர்க்குற்ற விசாரணை நடந்த இச்சிகாயா மண்டபம் இப்போது பாதுகாப்பு அமைச்சக வளாகத்துக்குள் இருக்கிறது. முன்பதிவு செய்து, அமைச்சகத்தின் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். அது ராணுவப் பள்ளியின் மண்டபமாகக் கட்டப்பட்டது. பேரரசரின் மேடையும் பள்ளியின் பெருமையும் அங்கே முன்னால் நிற்கின்றன, விசாரணை அந்தக் கட்டடத்தின் கதையில் ஓர் அத்தியாயம். அருகிலுள்ள யாசுகுனி ஆலயத்தில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் யாரும் குற்றவாளிகள் அல்லர் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பாலுக்கு 2005இல் நினைவுக்கல் வைத்தார்கள். கொடுமைகள் நடந்ததை பால் மறுக்கவில்லை என்பதைச் சேர்த்துப் படித்துவிட்டுப் போக வேண்டும். சயாம் மரண ரயில்பாதைக் கொடுமையும் அந்த மன்றத்தின் முன் வந்த விஷயம். அந்தப் பாதையில் செத்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அங்கே போகும் தமிழர்கள் அதைப் பற்றி வழிகாட்டியிடம் தயங்காமல் கேளுங்கள். இடமாக எனக்கு நியூரம்பர்க்தான் மேல். கேள்வி கேட்டாக வேண்டிய இடம் என்றால் டோக்கியோ.

மீண்டும் நியூரம்பர்க் பயணத்துக்கு: காலையில் திடல், மதியத்துக்கு மேல் நீதிமன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றக் கண்காட்சிக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். நடைச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மெர்ட்ஸ்ஃபெல்ட் ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசுவீர்களா, அங்கே கூட்டிப்போவீர்களா? திடலின் தென்கிழக்கே லாங்வாசர் பக்கம் இருக்கும் அந்த நிலையம் பேரணிக்கு வருகிறவர்களுக்காக அமைந்தது. பேரணிக்கு வந்தவர்கள் தங்கிய கூடார வெளி, போர் தொடங்கியதும் போர்க்கைதிகள் முகாமானது. 1941 நவம்பர் 29 அன்று நியூரம்பர்க்கையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை இந்த நிலையத்தில்தான் ரயிலேற்றி லாட்வியாவின் ரீகாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் சொற்பம். பல சுற்றுலாக்கள் செப்பெலின் மேடையோடு திரும்பிவிடும். நிலையம் தூரம், நேரம் போதாது என்று சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள். யாருமே கிடைக்காவிட்டால், சுற்றுலா முடிந்த பிறகு நீங்களே அங்கே போய் வாருங்கள்.