வி.ஆர். வான்போர்: 45-இல் ரீபுரொஜெக்‌ஷனா, 72-இல் முழு ஃபிரேமா?

நொடிக்கு 90 முறை படம் மாறும் (90 ஹெர்ட்ஸ்) வி.ஆர். ஹெட்செட்டில் ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு படத்தை, வரைய 11.1 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். டிசிஎஸ் என்ற போர்விமான சிமுலேட்டர் கேமில் தாழப் பறக்கும்போது அதை எட்டுவது பெரும்பாடு. ரீபுரொஜெக்‌ஷன் போட்டால் கேம் நொடிக்கு 45 ஃபிரேம் வரைந்தால் போதும், மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்பும். நிதானமான தரைத் தாக்குதலுக்கு இது சரி.

நெருங்கிய வான்சண்டையில்தான் சிக்கல். எதிரி விமானம் குறுக்கே பாயும்போது ஊகம் பிசகி, இறக்கை விளிம்பு நெளியும். சில நேரம் விமானமே இரண்டாகத் தெரியும். பீரங்கியை எங்கே குறிவைப்பது?

அதனால் என் தேர்வு, குவெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்களில் கிடைக்கும் 72 ஹெர்ட்ஸ். ஊகம் இல்லாமல் ஒவ்வொரு ஃபிரேமையும் கேமே வரைய 13.9 மில்லிசெகண்ட் கிடைக்கும். அதை எட்ட, கேம் அமைப்பில் நிழலையும் மேகத்தையும் தாராளமாகக் குறையுங்கள். ரெசல்யூஷனில் மட்டும் கை வைக்காதீர்கள்; காக்பிட் எழுத்துகள் மங்கிவிடும்.